நிலுவை: பூஜ்யம்

1

இந்தக் கதை ஒரு டிக்கில் தொடங்கியது. போட்டவன் நான்.

கட்டட வரைபடங்களுக்கு அனுமதி தரும் ஆபீஸ் ஒழுங்காக நடக்கிறதா என்று பார்க்க அரசு தனியாக ஓர் ஆய்வாளரை அனுப்பியிருந்தது. (எந்த ஆபீஸ் என்று சொல்லமாட்டேன். பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் நடுவில் எங்காவது வைத்துக்கொள்ளுங்கள்.) என் மாடிக்கு ஒன்பதே நாளில் அனுமதி. அந்த ஆபீஸிலேயே உட்கார்ந்து, ஆய்வாளர் தந்த கருத்துப் படிவத்தில் ‘மிக்க திருப்தி’ என்று டிக் அடித்துப் பேனாவை மூடும்போது ஜெயராணி உள்ளே வந்தார்.

2

‘சுதந்திரமான ஆய்வாளர் அரவிந்தன், தான் ஆய்வு செய்யவேண்டிய ஆபீஸின் ஜீப்பிலேயே வந்திறங்கி...’

வேண்டாம். இப்படித் தொடங்கினால் சிரித்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டிவிடுவீர்கள்.

ஜெயராணி வரதராசன்பேட்டைக்காரர். முந்திரி உடைக்கக் கொட்டகை போட்டிருக்கிறார். அனுமதி வந்தால்தான் கரண்ட். கரண்ட் வந்தால்தான் மெஷின்.

“பதினாலு மாசமா அலையறேன் சார்.”

அரவிந்தன் பட்டியலைப் பார்த்தார். “நிலுவை பூஜ்யம்னு இருக்கேம்மா.”

எழுத்தர் தங்கசாமி விளக்கினார்: “திருப்பி அனுப்புனது நிலுவையில வராதுங்க சார். மறுபடி குடுத்தா புது மனு. நாளும் ஒண்ணுலேர்ந்து.”

“அஞ்சு தடவ திருப்புனீங்க. மொதல்ல வடக்கு அம்புக்குறி இல்லன்னீங்க. போட்டேன். அப்புறம் கெணத்தக் காட்டலன்னீங்க. மொத தடவ பாக்கறப்ப கெணறு ஊருக்குப் போயிருந்துச்சா?”

3

தங்கசாமியை வில்லனாக்கப் பார்த்தேன், ஒத்துவரவில்லை. முப்பது நாளுக்கு மேல் எதுவும் நிற்கக்கூடாது என்பது அவருக்கு வந்த உத்தரவு. அவரும் எதையும் நிற்கவிடவில்லை.

என் அப்பாவுக்குத் துணிக்கடை. பில் புத்தகத்தை நம்பினால், கடைக்கு வந்த அத்தனை பேரும் வாங்கித்தான் போனார்கள். வாங்காதவருக்கு ஏது பில்? அப்பா படியிறங்கும் முதுகுகளைத்தான் பார்ப்பார்.

(ஆய்வாளர் கருத்துக் கேட்டது அனுமதி கிடைத்த நாற்பது பேரிடம். ஒரு முதுகுகூட இல்லை. நான் இருந்தேன்.)

4

“‘சில மனுக்கள் தாமதமாகியிருக்கலாம்’னு ஒரு வரி சேத்துடறேம்மா,” என்றார் அரவிந்தன்.

“சில வேணாம் சார், ஒண்ணுன்னே போடுங்க. அந்த ‘லாம்’ம மட்டும் எடுத்துடுங்க.”

இப்படி ஒரு பேரத்தை எங்கள் கடையிலும் கேட்டதில்லை.

“ஒண்ணு போட்டா பூஜ்யம் தப்பாயிடும்மா.”

“எங்கிட்ட வேல பாத்த பாக்யலட்சுமி திருப்பூருக்குப் போயிட்டா. மத்த அஞ்சு பேரும் ஞாயித்துக்கெழம பஸ் ஏறுறாங்க. பூஜ்யத்துல அவங்கல்லாம் எங்க சார் நிக்கறாங்க?”

5

முடிவு ஒன்று: தங்கசாமியே மனம் மாறி எழுந்து வந்து...

(நானே நம்பவில்லை.)

முடிவு இரண்டு: அரவிந்தன் ‘ஒன்று’ என்று எழுதுகிறார். ஜீப் அவரை விட்டுவிட்டுப் போய்விடுகிறது. அவர் பஸ் ஸ்டாண்டில்...

நடந்தது வேறு. அரவிந்தன் என் படிவத்தை எடுத்தார்.

“ஒம்போது நாள்ல வாங்கியிருக்கீங்க. உங்க வரைபடத்துல வடக்கு அம்புக்குறி இருந்துச்சுங்களா?”

தங்கசாமி மின்விசிறியைப் பார்த்தார். ஜெயராணி என்னைப் பார்த்தார்.

இல்லை என்று சொன்னால், அதே குறைக்கு ஜெயராணியைத் திருப்பியது வெளியே வரும்; அவருடைய ஒன்று அறிக்கையில் ஏறும். என் மாடியின் அனுமதியும் ரத்தாகி வரைபடம் திரும்பி வரும். இருந்தது என்று சொன்னால் பூஜ்யம் பூஜ்யமாகவே இருக்கும்.

இருந்ததா என்பது எனக்குத் தெரியும். ஆனால் கடையில் வளர்ந்தவன். முதல் விலையை நான் சொல்வதில்லை.

நீங்கள் சொல்லுங்கள்.