கைப்பட்டை நடந்த தூரம்

“இந்த வாரத்தோட நட்சத்திரம் நம்ம பல்லக்காதான். எல்லாரும் கை தட்டுங்க” என்று கணினித் திரைக்குள்ளிருந்து பயிற்சிப் பெண் சொன்னபோது, அந்த நட்சத்திரம் ஐஸ் சுற்றிய துண்டைக் கழுத்தில் போட்டுக்கொண்டு நாற்காலியில் சரிந்து கிடந்தாள். காலையில் குளியலறைக்குப் போய்வந்ததே அவளுக்கு வெளியூர்ப் பயணம் மாதிரி இருந்தது. திரையில் கட்டத்துக்கு ஒருவராகக் கை தட்டினார்கள். எல்லோரும் ஒலியை அடைத்து வைத்திருந்ததால் அது ஊமைக் கைத்தட்டல். அவளும் பழக்கதோஷத்தில் தட்டினாள். இரண்டாவது தட்டில்தான் யாருக்காகத் தட்டுகிறோம் என்று உறைத்தது.

பல்லக்கா பல் செட்டு செய்கிறவள். வீட்டின் முன்னறைதான் பட்டறை. அலமாரி முழுக்க பிளாஸ்டர் தாடைகள் வரிசையாக இளித்துக்கொண்டிருக்கும். அதைப் பார்த்த ஒரு கூரியர்க்காரர் கையெழுத்து வாங்காமல், செருப்பையும் எடுக்காமல் ஓடினார் என்றும், செருப்புக்காக இன்றுவரை வரவில்லை என்றும் சொல்வாள். மெழுகு உருக்கும் சுடரின் முன்னால் உட்கார்ந்திருந்த ஒரு நாளில் அவளுடைய வலது கண் மங்கியது. அப்புறம் வலது கால், நட என்றால் யோசிக்க ஆரம்பித்தது. டாக்டர் அதற்கு மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்று பெயர் சொன்னார். நரம்பின் மேலுறையை உடம்பே சுரண்டித் தின்றுவிடுகிறதாம். ஒயரின் மேல் ரப்பர் உரிந்தால் எப்படியோ அப்படி. மூளையிலிருந்து உத்தரவு கிளம்பும், கால் விரலுக்குப் போய்ச் சேராது. உடம்பு சூடானால் இன்னும் மோசம். அவள் கணவர் தபால்காரர். “அனுப்புறதெல்லாம் வழியிலயே காணாமப் போகுதாம். உங்க டிபார்ட்மென்ட் மாதிரியேதான்” என்று அவளே சொல்லிச் சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை. துறையைப் பற்றிச் சொன்னால் அவருக்குப் பொறுக்காது.

இந்த நோய்க்காரர்களுக்கென்றே ஆன்லைனில் ஓர் உடற்பயிற்சித் திட்டம் இருந்தது. அதில் நாற்காலியில் உட்கார்ந்தபடியே செய்கிற மெதுவான வகுப்பு பல்லக்காவுடையது. தங்களுக்குத் தாங்களே ஆமைப் பட்டாளம் என்று பெயர் வைத்துக்கொண்ட கூட்டம் அது. ஒருவர் காலைத் தூக்கினால், அது இன்றைக்கே இறங்குமா நாளைக்கா என்று மற்றவர்கள் பந்தயம் கட்டுவார்கள். கூட்டத்தில் மூத்தவர் லாரி அண்ணன். லாரி ஓட்டியவர். “எனக்கு கிளட்சு, பிரேக்கு ரெண்டும் போச்சு, ஹாரன் மட்டும் அடிக்குது” என்பார். சொந்த வீட்டில் “எப்படி இருக்கே?” என்று கேட்டால் எரிந்து விழுகிற பல்லக்கா, வாரத்தில் சில மணி நேரம் இந்தக் கட்டங்களுக்கு முன்னால்தான் முழு ஆளாக இருந்தாள்.

திட்டத்துக்காரர்கள் ஆளுக்கொரு கைப்பட்டை அனுப்பியிருந்தார்கள். எவ்வளவு நடக்கிறோம் என்று அது அவர்களுக்குச் சொல்லிவிடும். கம்மியாக நடந்தால் திரையில் சிவப்பு வட்டம், நிறைய நடந்தால் பச்சை. அவளுக்கு எப்போதும் சிவப்புத்தான். பிளாஸ்டர் தூசி புகுந்து அரிக்கிறது என்று வேலை நேரத்தில் கழற்றிவைப்பாள். தபால்காரர் எடுத்துச் சார்ஜில் போட்டுவிடுவார். சில வாரங்களாக வட்டம் பச்சை. கழற்றி வைத்த பட்டைக்கு ஏது நடை என்று அவள் சொல்லிப் பார்த்தாள். பயிற்சிப் பெண் அதைத் தன்னடக்கம் என்று எடுத்துக்கொண்டாள்.

“நேத்து மத்தியானம் ஓடியே இருக்கீங்க அக்கா. இதயத்துடிப்பு அப்படி எகிறியிருக்கு” என்றாள் அந்தப் பெண் இப்போது.

பல்லக்கா திரும்பிப் பார்த்தாள். கதவுக் கொக்கியில் தபால்காரரின் கால்சட்டை தைப்பதற்காகத் தொங்கிக்கொண்டிருந்தது. நேற்று மத்தியானம் ஒரு நாய் அவரை இரண்டு தெரு துரத்தி, முழங்காலுக்குக் கீழே ஒரு துண்டை வாங்கிக்கொண்டு விட்டிருந்தது.

அவள் ஒலியைத் திறப்பதற்குள் பயிற்சிப் பெண் லாரி அண்ணன் பக்கம் போய்விட்டாள். “அண்ணா, உங்களுக்கும் அதே நோய்தானே? அக்காவால முடியுதுன்னா உங்களால ஏன் முடியாது? மனசு வெச்சா போதும்.” எப்போதும் ஹாரன் அடிக்கிறவர் கேமராவை அணைத்தார். அவருடைய கட்டம் கறுப்பானது. பல்லக்காவை வேகமான வகுப்புக்கு உயர்த்தியிருப்பதாக அறிவித்துவிட்டு, அந்தப் பெண் வரிசைப் பற்கள் தெரியச் சிரித்து வகுப்பை முடித்தாள். அந்தச் சிரிப்பில் ஒரு பல்கூடக் கட்டின பல் இல்லை. ஆனாலும் இத்தனை பொய்யான சிரிப்பைப் பல்லக்கா தன் தொழிலில் பார்த்ததில்லை.

மத்தியானம் பட்டாளத்திலிருந்து கணக்கு டீச்சர் போன் செய்தாள். “என்னம்மா, ஓட்டப்பந்தயத்துக்குப் பேர் குடுத்துட்டியா?”

“டீச்சர், நான் சொல்றதக் கேளுங்க.”

“நீ முதல்ல கேளு. லாரி அண்ணன் வகுப்பு முடிஞ்சதும் மாடிப்படி ஏறிப் பாத்திருக்காரு. பாதியிலேர்ந்து உருண்டு, இப்ப கால்ல கட்டு. அவர் வீட்டம்மாதான் சொன்னாங்க. இனிமே வரமாட்டாராம். அந்தப் பொண்ணு ஓடுது, நான்தான் சோம்பேறின்னு சுவத்தப் பாத்துப் படுத்திருக்காராம்.” டீச்சர் குரலைத் தாழ்த்தினாள். “நிஜமாவே ஓடினியா?”

“இல்ல.”

“அப்ப யாருடி ஓடினது?”

கால் விரலுக்கு ஒரு சேதியும் கொண்டுபோகாத அதே நரம்புகள் கோபத்தை மட்டும் உச்சி முதல் உள்ளங்கால் வரை ஒரு சொட்டுச் சிந்தாமல் கொண்டுபோய்ச் சேர்த்தன.

சாயங்காலம் தபால்காரர் வந்து காலுறையைக் கழற்றினார். அவர் மணிக்கட்டில் பட்டை அகலத்துக்கு வெள்ளையாக ஒரு தடம் இருந்தது. இத்தனை நாள் அது அவள் கண்ணில் படாததற்குக் கண்ணைத்தான் குறை சொல்ல வேண்டும்.

“நாய் துரத்துனப்ப எந்தக் கையில கட்டியிருந்தீங்க?”

அவர் காலுறையை உருட்டிப் பந்தாக்கினார். “இடது கையில.”

“எதுக்கு?”

“தினமும் அந்தச் சிவப்பப் பாத்து உன் மூஞ்சி தொங்கிப்போச்சு. எனக்குத் தாங்கல. நான் நடக்கிறது எப்படியும் சும்மாதானே போகுது, அதுல கொஞ்சம் உனக்கு இருக்கட்டும்னு...” என்று இழுத்தார். “என் தங்கச்சிகிட்டகூட அந்தப் பச்சையக் காட்டினேன். சந்தோஷத்துல அழுதுட்டா.”

“சரி. போன வாரம் நான் தண்ணி கேட்டப்ப என்ன சொன்னீங்க? நேத்து அவ்வளவு தூரம் நடந்தவளுக்கு இன்னிக்கு எந்திரிச்சுத் தண்ணி எடுக்க முடியலையான்னு கேட்டீங்க. அது யாரு நடந்ததுங்க?”

அப்போதுதான் தபால்காரருக்கே அது தெரிந்தது என்பது முகத்தில் எழுதியிருந்தது. மனிதர் தானே நடந்து, தானே அதை நம்பி, மனைவி குணமாகிவருகிறாள் என்று ஊருக்கெல்லாம் சொல்லி, கடைசியில் அவளைச் சோம்பேறி என்றும் சொல்லியிருக்கிறார். பொய் சொன்னதைக்கூட அவள் பொறுத்துப்போயிருப்பாள். நம்பியதைத்தான் பொறுக்க முடியவில்லை. கைக்கு எட்டிய தாடையை எடுத்து வீசினாள். குறி தப்பிச் சுவரில் பட்டுத் தூளானது. முகம் தெரியாத யாரோ ஒரு பெரியவர் அதனால் கூடுதலாக ஒரு வாரம் பொக்கை வாயோடு இருக்க நேர்ந்தது.

“உங்க காலால என்னை நடக்கவெச்சீங்க. என் பேரால அந்த மனுஷன விழவெச்சிருக்கீங்க. என் நோயாவது எனக்குன்னு இருந்துச்சு. அதையும் எடுத்துக்கிட்டீங்க.”

“தப்புத்தாம்மா.”

“தப்புன்னு என்கிட்ட சொல்லி என்ன பண்றது? நான் விழலையே.”

அடுத்த வகுப்பு நாளில் பல்லக்கா வேகமான வகுப்புக்குப் போகாமல் ஆமைப் பட்டாளத்துக்குள் நுழைந்தாள். அவள் கேட்டுக்கொண்டபடி, டீச்சர் லாரி அண்ணன் வீட்டுக்குப் பேசி அவருடைய போனை இணைக்கவைத்திருந்தாள். அந்தக் கட்டத்தில் ஒரு மின்விசிறியும் கூரையும்தான் தெரிந்தன.

“அக்கா, உங்க வகுப்பு மாறிடுச்சே” என்றாள் பயிற்சிப் பெண்.

“மாறல. அந்தப் பச்சை வட்டம் என்னோடது இல்ல. தபால் குடுக்கப் போன என் வீட்டுக்காரரு நடந்தது. நாய்க்குப் பயந்து ஓடினதும் அவருதான்.”

யாரோ களுக்கென்று சிரித்து அடக்கினார்கள். பயிற்சிப் பெண்ணின் முகம் சிவந்தது. “இத நாம தனியா பேசிக்கலாம் அக்கா.”

“கை தட்டச் சொன்னப்ப எல்லாரும் இருந்தாங்கல்ல? இப்பவும் இருக்கட்டும். அண்ணனப் பாத்து என்னைக் காட்டிக் கேட்டீங்களே, அக்காவால முடியுதுன்னா உங்களால ஏன் முடியாதுன்னு. அக்காவால என்ன முடியும்னு இப்பப் பாருங்க.”

கணினியை நடைவழிப் பக்கம் திருப்பி வைத்தாள். நாற்காலியின் கையைப் பிடித்து எழுந்தாள். எழுந்ததும் நடக்கவில்லை. கால் வரட்டும் என்று நின்றாள். பிறகு இடது கால் போயிற்று. வலது கால் தரையைத் துடைத்துக்கொண்டு அதன் பின்னால் வந்தது. பயிற்சிப் பெண் நேரமாகிறது என்று ஒருமுறை சொன்னாள். யாரும் கட்டத்தை விட்டு நகரவில்லை. பாதி வழியில் பல்லக்கா சுவரில் உள்ளங்கையை ஊன்றினாள். தொடை நடுங்கியது. வியர்த்தது. வலது கண்ணில் வாசல் கரைந்து மங்கியது.

சமையலறையிலிருந்து தபால்காரர் ஓடிவந்து கையை நீட்டினார்.

“தள்ளி நில்லுங்க. மறைக்குது.”

அவர் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டார். நீட்டிய கையை மடக்க மறந்திருந்தார். அவளுக்குப் பின்னால் திரையில், மின்விசிறி மெல்லச் சாய்ந்தது. கூரை நழுவி ஒரு தலையணை வந்தது, அப்புறம் மழிக்காத தாடை, அதற்கு மேல் ஒரு கண். பல்லக்கா அதைப் பார்க்கவில்லை. அவள் வலது காலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அது குதிகாலை மட்டும் தூக்கிவிட்டு, நுனி விரலில் நின்றபடி, யோசித்துக்கொண்டிருந்தது.