கேட் திறந்தும் நகராத லாரி

1

இந்தக் கதை ஒரு வசவிலிருந்து பிறந்தது. 2004 ஏப்ரலில், ஒரு வார இதழ் அலுவலகத்தின் மாடிப்படியில் நின்று, செங்கொடி என்ற ஆராய்ச்சி மாணவி ஒரு நிருபரைத் திட்டிய வசவு. அதையே முதல் வரியாக வைக்கப் பார்த்தேன்; அச்சில் ஏறாது. வேறு தொடக்கங்கள் எழுதினேன்.

'கொருக்குப்பேட்டைச் சாக்கடையோரம் ஒரு விண்மீன்...' வேண்டாம். அவளைக் கொதிக்க வைத்த கட்டுரை இப்படித்தான் தொடங்கியது.

'கருந்துளை எனப்படுவது...' பாடப் புத்தகம்.

நேராகவே சொல்லிவிடுகிறேன்.

2

(அவள் வீட்டு வறுமையைப் பற்றி ஒரு பத்தி இருந்தது. அடித்துவிட்டேன். காரணம் பிறகு புரியும்.)

கருந்துளைக்குள் போகும் வாயு நேராக விழுவதில்லை. தட்டுபோலப் பரந்து, சுற்றிச் சுற்றி, உராய்ந்து, கொதித்து, எக்ஸ் கதிரைக் கக்கியபடி விழுகிறது. அந்தக் கதிர் சீராக வருவதில்லை, ஏறுகிறது, இறங்குகிறது. ஏன்? கம்ப்யூட்டருக்குள் அப்படி ஒரு தட்டைச் சுழலவிட்டுக் காரணம் தேடுவதுதான் செங்கொடியின் ஆராய்ச்சி.

இரண்டு வருடமாகப் பொருந்தவில்லை. கதிரின் ஏற்ற இறக்கமாகச் செயற்கைக்கோள் பதிவு செய்த கோடு ஒரு மாதிரி, அவள் தட்டு வரைந்த கோடு வேறு மாதிரி. அழுத்தம் ஏறினால் உராய்வும் அந்தக் கணமே ஏறும் என்று, அதுவரை படித்ததை நம்பி அவளும் கணக்குப் போட்டிருந்தாள்.

2002 ஆகஸ்டில் ஒரு காலை, கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டில் சைக்கிளோடு நின்றாள். கூட்ஸ் போனது, கேட் திறந்தது, முதல் லாரி நகர்ந்தது. வரிசையின் கடைசியில், அவள் பக்கத்தில் நின்ற மணலி டேங்கர் லாரி நகரவில்லை. திறந்த சேதி அதுவரை வந்து சேரவே நேரம் பிடித்தது. சேர்ந்தபோது அடுத்த வண்டிக்குக் கேட் மூடிவிட்டது.

அன்றைக்கே உராய்வுக்கு ஒரு தாமதம் கொடுத்துத் தட்டை ஓடவிட்டாள். நான்கு நாள் ஓடியது. தட்டின் உள்விளிம்பு மெல்ல நிரம்பி, சட்டென்று காலியாகி, மறுபடி நிரம்பியது. செயற்கைக்கோளின் கோட்டின்மேல் தன் கோட்டை வைத்துப் பார்த்தாள். பொருந்தியது.

"வந்தியா, வா," என்றாள் திரையைப் பார்த்து.

3

2003 ஜனவரியில் தேவப்பிரியம் என்ற ராயபுரத்து நிருபர் அவளைப் பேட்டி எடுத்தார். கேட்டையும் லாரியையும் ஒரு மணி நேரம் விளக்கினாள். அவரும் நோட்டில் எழுதிக்கொண்டார்.

இதழில் வந்தது: அவள் அம்மா ராஜாத்தி குழாயடியில் குடத்தோடு நிற்கும் படம். கீழே, 'பேராசிரியர் விதைத்த எண்ணத்தை வியர்வை ஊற்றி வளர்த்தாள் இந்த ஏழைப் பெண்.' கேட் இல்லை. லாரி இல்லை.

ஒரு வருடம் கழித்து அவள் கண்டுபிடித்தது ஆய்விதழில் கட்டுரையாக வந்தது. அவள் ஆராய்ச்சிக்கு வழிகாட்டியான பேராசிரியர் பெயரும் அவருடைய இன்னொரு மாணவர் பெயரும் இருந்தன. செங்கொடிக்குக் கடைசியில் ஒரு வரி நன்றி, 'கணக்கீட்டு உதவிக்கு'.*

(* மூன்று வருட உழைப்புக்கு அவர்கள் வைத்த பெயர்.)

பல்கலைக்கழகத்தில் புகார் கொடுத்தாள். விசாரணைக் குழுவின் மேசைமேல் பேராசிரியர் அந்த வார இதழை விரித்து வைத்தார். "எண்ணம் யாருடையதுன்னு உன் பேட்டியிலேயே இருக்கேம்மா."

அன்று மாலைதான் மாடிப்படி. முதலில் அந்த வசவு. பிறகு:

"இன்னா சார் எழுதிக்கீற? அவரு வெதைச்சாரா? எப்ப வெதைச்சாரு, நீ எப்பப் பாத்த?"

"வாக்கியம் நல்லா இருக்கட்டுமேன்னு போட்டதும்மா..."

"வாக்கியம் நல்லாத்தான் கீது. என் பேருதான் பூட்ச்சு. எங்கம்மா கொடத்தோட நிக்கறது உன் கண்ணுல பட்ச்சு, நான் கேட்டாண்ட நின்னு ரோசிச்சது படல. எங்களுக்குத் தண்ணி புடிக்கத்தான் தெரியுமா? ரோசிக்கத் தெரியாதா?"

மூச்சு வாங்கினாள். குரல் இறங்கியது.

"உன் நோட்டுல கேட்டு, லாரி எல்லாம் எழுதிக்கினியே, தேதி போட்டு. அத்தக் குடு சார். குழுவாண்ட காட்டணும்."

"அது தொலைஞ்சுபோச்சும்மா," என்றார் தேவப்பிரியம்.

4

[இங்கே வந்து மூன்று நாள் பேனா ஓடவில்லை.]

தேவப்பிரியம் என்று யாரும் இல்லை. அந்தப் பெயருக்குப் பின்னால் இவ்வளவு நேரம் ஒளிந்திருந்தேன். அந்த நிருபர் நான்.

நோட்டு தொலையவில்லை, என் மேசை இழுப்பறையில் இருந்தது. கொடுத்தால் என் கட்டுரை பொய் என்று ஆகும், வேலை போகும். பயந்தேன். [என் பயத்துக்கு ஒரு அழகான உவமை எழுதி, அடித்தேன். அழகாக எழுதப்போய்த்தான் இந்தக் கேடு.]

ஆதாரமில்லை என்றது குழு. பட்டம் வாங்காமலே செங்கொடி வெளியேறினாள். இப்போது துறைமுகத்தில், கப்பல் சரக்குப் பெட்டிகளை வரிசைப்படுத்தும் மென்பொருள் எழுதுகிறாள்.

5

முடிவுகள்.

ஒன்று: பேராசிரியர் மன்னிப்புக் கேட்கிறார். கேட்கவில்லை, பதவி உயர்வு பெற்றார்.

இரண்டு: செங்கொடி வெளிநாடு போய்ப் பெரிய விஞ்ஞானியாகி... பழைய கட்டுரைக்காரன் எனக்குள் இன்னும் சாகவில்லை.

மூன்று: நான் நோட்டைக் கொடுக்கிறேன், அவள் மன்னிக்கிறாள். இதில் பாதி நடந்தது. போன மாதம், 2008 மார்ச்சில், துறைமுக வாசலில் கொடுத்தேன். அந்தப் பக்கத்தை நின்றபடியே படித்தாள். தேதியை விரலால் தடவினாள்.

"நாலு வருசம் இத்த வச்சிகினு எப்பிடி சார் சோறு துன்ன?"

என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"இத்தயும் கதையா எழுதுவ. மூஞ்சியிலயே தெரியுது. எழுதிக்கோ. ஆனா நான் மன்னிச்சேன்னு மட்டும் எழுதின..."

நோட்டைப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டாள். ஆய்விதழுக்கு அனுப்பினாளா, கிழித்துப் போட்டாளா, தெரியாது. கேட்கும் யோக்கியதை எனக்கில்லை. ஆகவே முடிவு என்னிடம் இல்லை.

அந்த ஆய்விதழ் நம் பல்கலைக்கழக நூலகங்களின் அலமாரியில் இருக்கிறது. தலைப்புக்குக் கீழே இரண்டு பெயர்கள். அவற்றுக்கு மேலே கொஞ்சம் வெற்றிடம். நூலகத்துக்குப் பேனாவோடு போகிறவர்களிடம் இதைச் செய், அதைச் செய் என்று நான் சொல்லப்போவதில்லை. பெயரை மட்டும் பிழையில்லாமல் சொல்லிவிடுகிறேன்: கோ. செங்கொடி.