சந்நிதித் தெருவில் கழுவிய காலடிச் சத்தம்

வைகாசித் திருவிழா முடிந்த மறுநாள், காஞ்சிபுரம் சந்நிதித் தெரு நடைபாதையிலிருந்து அழுக்கோடு சேர்ந்து காலடிச் சத்தமும் கழன்று போனது. இன்றுவரை அந்தக் கல்லில் யார் நடந்தாலும் சத்தம் வருவதில்லை. மோதிக்கொள்ளாமல் இருக்க ஜனங்கள் இருமிக்கொண்டே நடக்கிறார்கள். வெளியூர்க்காரர்கள் மட்டும் தொண்டைக்கு என்ன என்று விசாரிப்பார்கள்.

கழுவியவள் முசரவாக்கத்து எஸ்தர். ஒப்பந்தக்காரரின் தண்ணீர் பீய்ச்சும் மெஷினை ஓட்டுவது அவள். குழாயை இழுத்துக் கொடுப்பது கண்ணாயிரம். அன்னதானத்து நெய்யும் பானகப் பிசுக்கும் அசையவில்லை என்று அகல நாசிலைக் கழற்றிக் குறுகலானதை மாட்டி, மீட்டர் முள் சிவப்பைத் தொடும்வரை அழுத்தத்தைக் கூட்டினாள். சாயங்காலம், அழுக்குத் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும் தொட்டியைத் திறந்து சல்லடையை வழித்தாள். பூநார், ஜரிகைத் துணுக்கு, குங்குமச் சேறு. அவை வந்ததும் பின்னாலேயே காலடிச் சத்தம் கொட்ட ஆரம்பித்தது, திருவிழாக் கூட்டம் மொத்தமும். கண்ணாயிரம் எழுந்து தள்ளிப் போய்விட்டார். எஸ்தர் அசையவில்லை. கூட்டத்துக்குள் ஒரு நடை கேட்டது. வலது கால் அழுத்தி ஊன்றும், லாரி ஏறிய இடது கால் இழுபடும். அவள் புருஷன் ஜோசுவாவின் நடை.

ஜோசுவாவை அடக்கம் செய்து ஆறு வருஷம் ஆகிறது. தென்னேரி ஏரியில் ஊறிக் கிடந்த உடம்பை, சட்டையை வைத்து அவன்தான் என்று சொன்னவளே எஸ்தர்தான்.

"அண்ணா, இந்தக் கல்லு எப்போ போட்டாங்க?"

"இந்தத் தையிலதாம்மா. ஏன், மூஞ்சி வெளுத்துப் போயிருக்குது?"

"செத்தவன் நடந்துக்கினு போறாண்ணா."

இன்னும் குனிந்து கேட்டாள். இழுபடும் காலுக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கொலுசு ஓடி ஓடி அவனைப் பிடித்தது. அதற்காக அவன் நின்று நின்று நடந்தான். எஸ்தருக்காக அவன் ஒருநாளும் அப்படி நின்றதில்லை. பிடித்திருந்த ஸ்பேனர் கீழே விழுந்தது.

"தேடிப் பாக்கலாமா எஸ்தரு?" என்றார் கண்ணாயிரம்.

அவள் தொட்டியைச் சாக்கடைப் பக்கம் சாய்த்தாள். கூட்டம் போனது, ஜோசுவா போனான், கொலுசு கடைசியாகப் போனது.

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் மெஷினை முசரவாக்கம் கல்லறைத் தோட்டத்துக்குக் கொண்டுபோனாள். அழுத்தத்தைக் கூட்டி, சிமெண்ட் சிலுவையிலிருந்த ஜோசுவா என்ற பெயரை எழுத்து எழுத்தாக உரித்தாள். பிறகு அகல நாசிலை மாட்டி, அழுத்தத்தைக் குறைத்து, கல்லறையைப் பதமாகக் கழுவினாள். இத்தனை வருஷம் அவள் அழுகையை வாங்கிக்கொண்டு உள்ளே படுத்திருந்தவன் யாரென்று தெரியவில்லை. அவனுக்கு ஒரு மெழுகுவத்தி ஏற்றினாள். அடுத்த வருஷமும் ஏற்றினாள்.