பதினாறு புள்ளி உயரம்

"அதுல சொருகாதீங்க!"

அவள் போட்ட சத்தத்தில் அழுதுகொண்டிருந்தவர்கள்கூட நிறுத்திவிட்டுத் திரும்பினார்கள். மின்விசிறியின் வயரும் கையுமாகக் கொழுந்தன் விழித்தான்.

"வேற பாயிண்ட் இல்ல அண்ணி. அண்ணன் பக்கத்துல நிக்கவே முடியல, அவ்வளவு புழுக்கம்."

ஃபிரிட்ஜ் மேலிருந்த, எழுத்து ஓடும் போர்டுக்கும் அதே சுவிட்ச்தான் என்பதை அவனிடம் எப்படிச் சொல்வது?

கூடத்தில் கிடத்தியிருந்தவன் பஸ்களின் நெற்றியில் ஓடும் எழுத்துகளைச் செய்தவன். எந்த எழுத்தானாலும் பதினாறு புள்ளி உயரம். கட்டம் போட்ட நோட்டில் ஒவ்வொரு கட்டமாக அடைப்பான். வளைந்து நெளிந்த எழுத்தைச் சதுரங்களுக்குள் கொண்டுவருவதற்குள் உயிர் போய்விடும். முடித்ததும் போர்டில் ஓடவிட்டு, சமையலறையில் இருப்பவளைக் கூப்பிடுவான். "அங்கிருந்தே பாரு. இது 'ழ'வா, பூனையா?" அவள் கிட்டே வந்தால் விரட்டுவான். "கிட்ட நின்னா வெறும் புள்ளிதான். தள்ளி நின்னாதான் எழுத்து."

பத்து நாளுக்கு முன், "அந்த நோட்டையே கட்டிக்கிட்டிருக்கலாம்ல?" என்று வெடித்தாள். "நீயா பேசுற வரைக்கும் நானும் பேசப் போறதில்ல" என்றான். சொன்னபடியே வாயைத் திறக்கவில்லை. ஆனால் வேலைக்குக் கிளம்பும்போது தினமும் போர்டில் ஒரு வரி ஓடும். 'பால் தீந்துடுச்சு.' 'குழம்புல உப்பு இல்ல. பரவால்ல.' அவன் போனபிறகு அவள் தனியாகச் சிரித்துக்கொள்வாள். தானாகப் பேசத்தான் மனம் வரவில்லை, பாழாய்ப்போன வீம்பு.

நேற்றுக் காலை சிரிப்பும் வரவில்லை. முதல் எழுத்து தலைகாட்டும்போதே சுவிட்சை அணைத்துவிட்டாள். பதினொரு மணிக்கு பஸ் டிப்போவிலிருந்து போன் வந்தது. போர்டு மாட்டிக்கொண்டிருந்தவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஏணியிலேயே சாய்ந்துவிட்டானாம்.

கொழுந்தன் வயரைச் சொருகிச் சுவிட்சைப் போட்டான்.

மின்விசிறி சுற்றியது. போர்டின் வலது ஓரத்திலிருந்து சிவப்பு எழுத்துகள் ஒவ்வொன்றாக வந்தன.

'ராத்திரிலேருந்து நெஞ்சு ஒரு மாதிரி இருக்கு. சாயங்காலம் டாக்டர்கிட்ட கூட வர்றியா?'

கொழுந்தன் குனிந்து, காற்று அண்ணன் முகத்தில் படும்படி மின்விசிறியைத் திருப்பிக்கொண்டிருந்தான்.

"என்னம்மா ஓடுது அதுல?" என்றாள் மாமியார், மகன் தலைமாட்டில் இருந்தபடியே. "அழுது அழுது எனக்குக் கண்ணே தெரியல."

"பஸ் பேருதான் அத்தை. சும்மா டெஸ்ட்."

கேள்விக்குறி இடது ஓரத்தில் மறைந்தது. முதல் எழுத்து மறுபடியும் வலது ஓரத்தில் எட்டிப் பார்த்தது. அவள் போர்டை நோக்கி நடந்தாள். சிவப்பு வெளிச்சம் முகத்தில் விழும் அளவுக்கு, மூக்கு உரசும் அளவுக்கு நெருங்கி நின்றாள். ஒவ்வொரு புள்ளியும் தனித்தனியாகத் தெரிந்தது.

அப்படியும் படிக்க முடிந்தது.