தானாக விட்ட வேலை

அரசரத்தினத்தை யாரும் வேலையிலிருந்து நிறுத்தவில்லை. அவராகத்தான் வேலையை விட்டார். ஒஸ்லோவில் அவரைத் தெரிந்த அத்தனை தமிழ்க் குடும்பங்களுக்கும் அப்படித்தான் சொல்லி வைத்திருந்தார். "இவ்வளவு காலமும் பாண் சுட்டது காணும் எண்டு கடுதாசியை எழுதி மேசையில போட்டிட்டு வந்திட்டன்" என்று அவர் கையை வீசிச் சொல்லும்போது கேட்பவர்களுக்கே கொஞ்சம் பொறாமையாக இருக்கும்.

உண்மை வேறு. அவர் ரொட்டி சுட்டுவந்த அந்தப் பாண் தொழிற்சாலைக்குப் புது இயந்திரம் வந்தது. ஒரு பின்னேரம் மேலாளர் ஹில்டே அவரையும் கூட்டாளி சற்குணத்தையும் ஒன்றாகக் கூப்பிட்டு, கோப்பி ஊற்றிக் கொடுத்து, இரண்டு பேருக்கும் இனி வேலை இல்லை என்று மெதுவாகச் சொன்னாள். சொல்லும்போது அவளுக்குத்தான் கண் கலங்கியது. இரண்டு பேரும் வெளியே போய்க் கார்கள் நிற்கும் இடத்தில் நின்று யோசித்தார்கள். வேலை போனது ஒரு கவலைதான். ஆனால் "அவரை நிப்பாட்டிப்போட்டாங்களாம்" என்று கோயிலில் நாலு பேர் கதைப்பார்களே, அது அதைவிடப் பெரிய கவலை. திரும்பி உள்ளே போனார்கள். நாங்களாகவே விலகுகிறோம் என்று எழுதித் தருகிறோம், அப்படியே வைத்துக்கொள் என்றார்கள். ஹில்டேக்கு ஒன்றும் விளங்கவில்லை. யோசித்துத்தான் சொல்கிறீர்களா என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். அவளுக்கு இதையெல்லாம் எந்தப் பாஷையில் விளங்கப்படுத்துவது? கையெழுத்தைப் போட்டுவிட்டு, பெண்சாதிமாருக்கும் மூச்சுவிடுவதில்லை என்று சத்தியம் பண்ணிக்கொண்டு வீட்டுக்கு வந்தார்கள்.

அரசரத்தினத்தின் மனைவி உதயகுமாரி முதியோர் இல்லத்தில் வேலை செய்பவள். செய்தியைக் கேட்ட அன்று ஒன்றும் பேசவில்லை. மறுநாள்தான் தொடங்கினாள்.

"இந்த வயசில ஆராவது கையில இருக்கிற வேலையை விடுவினமோ? திமிர். வேறை ஒண்டும் இல்லை, திமிர்தான்."

அவர் தலையைக் குனிந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். உள்ளுக்குள் அது அவருக்கு இதமாகவே இருந்தது என்றால் நம்புவீர்களா? திமிர் பிடித்தவன் என்று ஏச்சு வாங்குவதில் ஒரு கம்பீரம் உண்டு. ஐயோ பாவம் என்று பார்க்கப்படுவதில் அது கிடையாது. அவள் வாரத்துக்கு நாலு தரமாவது ஏசினாள். அவரும் நாலு தரமும் கம்பீரமாகக் கேட்டுக்கொண்டார்.

வேலையில்லாதோர் உதவிப்பணத்துக்கு விண்ணப்பம் போட்டபோதும் தெம்பாகத்தான் இருந்தார். இத்தனை வருடம் வரி கட்டியவனுக்கு இல்லை என்றா சொல்லப்போகிறார்கள்? இல்லை என்றுதான் சொன்னார்கள். துரொண்ட்ஹெய்மில் இருக்கும் மகள் நிசாந்தினி பதிலைப் படித்துவிட்டுத் தொலைபேசியில் விளக்கினாள்.

"அப்பா, நீங்களா வேலையை விட்டபடியால் இப்ப காசு இல்லையாம். கன மாதத்துக்குத் தரமாட்டினமாம். ஆனால் முடிவு பிழை எண்டு நாங்கள் கிளாகே, அதுதான் மேன்முறையீடு, எழுதலாம். ஆறு கிழமைக்குள்ள அனுப்பவேணும். ஏன் விட்டனீங்கள் எண்டு சொல்லுங்கோ, நான் எழுதுறன்."

"முதுகு நோ எண்டு எழுது பிள்ளை."

"டொக்டரிட்டைக் காட்டினனீங்களோ?"

"இல்லை."

"அப்ப மேலாளரோட பிரச்சினையோ?"

"சீச்சீ, அது தங்கமான மனிசி."

"அப்ப ஏன் அப்பா விட்டனீங்கள்?"

"பிறகு எடுக்கிறன்" என்று வைத்துவிட்டார். பிறகு எடுக்கவேயில்லை.

உதயகுமாரி சனி ஞாயிறும் வேலைக்குப் போகத் தொடங்கினாள். திரும்பி வந்து, வாசலில் சப்பாத்தைக் கழற்றும்போது சுவரைப் பிடித்துக்கொள்வாள். அதைப் பார்க்கும்போதெல்லாம் அரசரத்தினம் உண்மையைச் சொல்லிவிட நினைத்தார். ஒரு சொல் சொன்னால் போதும். அந்தச் சொல்தான் வாயில் வரமாட்டேன் என்றது. வந்தாலும், அது சற்குணத்தையும் சேர்த்தல்லவா இழுத்து வெளியே போடும்? அவனுடைய மகனுக்குக் கலியாணம் வேறு பேசுகிறார்கள்.

மேன்முறையீட்டுக்கான ஆறு கிழமையில் கடைசி வாரம் வந்தபோது உதயகுமாரி சொன்னாள்: "சற்குணம் அண்ணையும் வேலையை விட்டவர்தானே. அவர் என்ன செய்தவர் எண்டு ஒருக்காப் போய்க் கேளுங்கோவன்."

சற்குணத்தின் வீடு லோறென்ஸ்கூக்கில். அரசரத்தினம் பஸ்ஸில் போய் இறங்கியபோது அவன் வாசலில் பனி தள்ளிக்கொண்டிருந்தான். உள்ளே வா, தேத்தண்ணி குடி என்றான். இவர் அசையவில்லை. சொல்ல வந்ததை நின்ற நிலையில் சொன்னார்.

"மச்சான், நான் சத்தியத்தை முறிக்கப்போறன். மேன்முறையீட்டில உண்மையை எழுதினால்தான் காசு. நீ வேண்டாம் எண்டால் சொல்லு, விட்டிடுறன்."

சற்குணம் மண்வெட்டியைச் சுவரில் சாத்தி வைத்தான். நேரே பார்க்கவில்லை.

"அரசு, நான் அண்டைக்கே வீட்டில கமலாட்டைச் சொல்லிப்போட்டன்."

"என்னது?"

"சோறு போட்டுக்கொண்டு, ஏனப்பா முகம் ஒரு மாதிரி இருக்கு எண்டு கேட்டாள். அழுதிட்டன். பேந்து ஹில்டேயிட்டைப் போய்க் கேட்க, வேலை இல்லாமல் போனபடியால்தான் நிப்பாட்டினது எண்டு எழுதித் தந்தவள். எனக்குக் காசு ஒழுங்கா வருது. உனக்கும் ஒண்டு எழுதி வைச்சிருக்கிறாளாம், நீ எப்ப வருவாய் எண்டு."

"அப்ப கோயிலில, நானும் விட்டனான் எண்டு என்னோட சேர்ந்து சொன்னனியே?"

"நீ சொல்லேக்கை நான் வேறை என்னத்தைச் சொல்லுறது? உன்னைக் காட்டிக்குடுக்கேலுமோ?"

தேத்தண்ணி குடிக்காமலே பஸ் ஏறினார். வழி முழுக்கக் கோபம். சத்தியத்தைக் காப்பாற்றிய ஒரே மடையன் நான்தானா என்று மனதுக்குள் பொரிந்துகொண்டே வந்தார். பாதி வழியில்தான் இன்னொன்று மண்டையில் உறைத்தது. சற்குணத்தின் மனைவி கமலாதேவியும் உதயகுமாரியும் தினமும் தொலைபேசியில் கதைப்பவர்கள். அவர்கள் இருவருக்கும் நடுவில் ஒரு செய்தி ஒரு இரவு தங்கினால் அதுவே பெரிய விஷயம்.

உதயகுமாரி குசினியில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அவர் ஜக்கெட்டைக்கூடக் கழற்றவில்லை.

"உனக்குத் தெரியுமோ?"

"எது?"

"என்னை நிப்பாட்டினவங்கள் எண்டு."

முதல்முறையாக அதை வாய்விட்டுச் சொல்லியிருந்தார். வீடு இடிந்து விழவில்லை.

"ஓம்" என்றாள் அவள். "அடுத்த நாளே கமலாக்கா எடுத்துச் சொன்னவ."

"தெரிஞ்சுகொண்டோ இவ்வளவு நாளும் என்னைத் திமிர் பிடிச்சவன் எண்டு பேசினனி?"

அவள் கையைத் துடைத்துக்கொண்டாள். கண் நிறைந்துவிட்டது.

"பேசாமல் விட்டிருந்தால், எனக்குத் தெரியும் எண்டு உங்களுக்கு விளங்கியிருக்குமே."

அரசரத்தினம் ஜக்கெட்டைக் கழற்றினார். கதிரையை இழுத்து அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். அழுகை வந்தது. அழுதார். அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை, தோளில் கையை மட்டும் வைத்தாள். மூக்கைத் துடைத்துவிட்டுத் தொலைபேசியை எடுத்து மகளைக் கூப்பிட்டார்.

"பிள்ளை, கிளாகே எழுது. அப்பாவை வேலையால நிப்பாட்டினவங்கள். அதை முதல் வரியிலேயே போடு."