அண்ணி பார்க்காத நடுப்பகுதி

வக்கீல் காலி அட்டைப்பெட்டிகளோடு வாசலில் வந்து நின்றபோதே அண்ணிக்கு விஷயம் புரிந்துவிட்டது. துக்கம் விசாரிக்க வருகிறவர்கள் ஒட்டுகிற டேப்பைக் கையோடு கொண்டு வருவதில்லை.

அவருக்குப் பின்னால் சப்டைட்டில் நின்றார். வங்கியில் வேலை. எந்த மொழிப் படம் ஓடினாலும் கீழே வருகிற எழுத்தை வாய்க்குள் முணுமுணுத்தே தீருவார் என்பதால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. ஞாயிறுதோறும் கூடிப் படம் பார்க்கிற மன்றத்தில் இப்போது மிஞ்சியிருப்பது இந்த இரண்டு பேர்தான். மன்றத்தை ஆரம்பித்தவர் அண்ணியின் கணவர். போன மாதம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை.

அவர் சேர்த்த டிவிடிகள் முன்னறையின் ஒரு சுவரையே மறைக்கிற அலமாரியில் நின்றன. பழைய கறுப்பு வெள்ளைப் படங்கள், பெயரைச் சொன்னால் நாக்கு சுளுக்கிக்கொள்கிற இயக்குநர்களின் படங்கள், ஒரே படத்துக்கு மூன்று பதிப்புகள். மூன்றாவதில்தான் இயக்குநரின் பேட்டி இருக்கிறதாம். அந்தப் பேட்டியிலும் மனிதர் வாயைத் திறக்காமல் சிகரெட்தான் பிடிப்பார் என்பது வேறு கதை.

"நீங்க ஒண்ணும் சிரமப்பட வேண்டாம் அண்ணி, நாங்களே எடுத்து அடுக்கிக்கறோம்," என்றார் வக்கீல். வாழைப்பழத்தில் ஊசி ஏற்றுவது போலப் பேசுகிறவர். "எங்க வீட்டு மாடியில தனி ரூமே ஒதுக்கியாச்சு. தூசி படாது. இனிமே மன்றமும் அங்கதான்."

"யாரு குடுக்கறேன்னு சொன்னா?"

"அண்ணனே சொல்லியிருக்காரே! 'எனக்கப்புறம் இதெல்லாம் மன்றத்துக்கு'ன்னு. இதே நாற்காலியில உக்காந்து சொன்னாரு."

சொன்னார்தான். அப்போது அண்ணி அடுப்படியில் பால் பொங்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். காதில் விழுந்தது. 'உனக்குச் சம்மதமா' என்று ஒரு வார்த்தை அந்தப் பக்கமிருந்து வருமா என்று நின்று பார்த்தாள். வரவில்லை, பால்தான் பொங்கி வழிந்தது.

மகனும் நேற்று போனில் அதையே பாடினான். "குடுத்துடும்மா. இப்பல்லாம் எல்லாம் போன்லயே கிடைக்குது. எடத்த அடைச்சிக்கிட்டு எதுக்கு?" எல்லோரும் சேர்ந்து முடிவு செய்துவிட்டார்கள். அவள் தலையை ஆட்டினால் போதும், ஊரே மெச்சும்.

வக்கீல் திறந்து கிடந்த அலமாரியின் முதல் தட்டிலிருந்து ஒரு கொத்தை உருவிப் பெட்டிக்குள் வைத்தார். அண்ணி குனிந்தாள், அந்தக் கொத்தை எடுத்தாள், பழைய இடத்திலேயே செருகினாள்.

"குடுக்க மாட்டேன்."

வக்கீல் சிரித்தார். குறுக்கு விசாரணையில் சாட்சி தடுமாறும்போது சிரிக்கிற சிரிப்பாக இருக்க வேண்டும். சப்டைட்டில்தான் பாவம், நல்லது சொல்வதாக நினைத்துக்கொண்டு வாயைக் கொடுத்தார். "தப்பா எடுத்துக்காதீங்க அண்ணி. நீங்க இந்தப் படம் ஒண்ணுகூட முழுசா பாத்ததில்லையே. வச்சிக்கிட்டு என்ன பண்ணப்போறீங்க?"

"ஏன் பாக்கலன்னு தெரியுமா?"



மன்றத்துக்கு ஒரு சட்டம் உண்டு, அவள் கணவர் போட்டது. டிவிடி சுழல ஆரம்பித்தால் படத்தை எதற்காகவும் நிறுத்தக் கூடாது, கடைசிப் பெயர் திரையில் மறைகிற வரை யாரும் பேசக் கூடாது. காலிங் பெல் அடித்தாலும் சரி, கூரை இடிந்தாலும் சரி. ஆனால் பாதிப் படத்தில் எல்லோருக்கும் டீ வேண்டும். படம் நிற்காது, டீயும் நிற்கக் கூடாது. அதனால் ஒவ்வொரு ஞாயிறும் அண்ணி எழுந்தாள். பாத்திரம் கழுவி, பால் காய்ச்சி, வடிகட்டி, ஆற்றி, தட்டில் அடுக்கிக்கொண்டு திரும்பினால் கதை எங்கோ போயிருக்கும். முதலில் சண்டை போட்டவர்கள் கட்டிப்பிடித்துக்கொண்டிருப்பார்கள். உயிரோடிருந்தவனைக் காணோம். "நடுவுல என்னங்க ஆச்சு?" என்று கேட்டால் கணவர் விரலை உதட்டில் வைப்பார். படம் முடிந்து கேட்டால், "சொன்னா சுவை போயிடும், நீயே ஒரு நாள் பாரு," என்பார். அந்த ஒரு நாள் வரவே இல்லை. மற்ற நாளெல்லாம் அவளுக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. ஊரார் கண்ணுக்கு லென்ஸ் மாட்டிவிட்டு வீடு திரும்பினால் அலமாரி பூட்டியிருக்கும், சாவி அவர் சட்டைப்பையில்.

கெட்டவர் இல்லை. மழை வந்தால் குடையோடு கடை வாசலில் வந்து நிற்பார். அவரை நினைத்தால் இன்னும் அழுகை வருகிறது. அந்த அழுகைக்குள்ளேயே கோபமும் வருகிறது. எதற்காக அதை மறைக்க வேண்டும்?

"எல்லாப் படத்துக்கும் முதலும் முடிவும் எனக்குத் தெரியும்," என்றாள். "நடுவுலதான் உங்களுக்கு டீ போட்டேன். அந்த நடுப்பகுதி எல்லாம் எனக்குப் பாக்கி இருக்கு. அத்தனையும் பாத்து முடிக்காம ஒரு டிவிடிகூட இந்த வாசலத் தாண்டாது. அவரே எந்திரிச்சு வந்து கேட்டாலும் இதான் பதில்."

தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நீதிபதியிடமே நிற்கிறவர் டேப்பை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"இன்னிக்கு ஞாயித்துக்கெழமதானே? உக்காருங்க. மன்றம் இங்கதான் நடக்கும்."

அவளே தேடி எடுத்தாள். சட்டைக்கு ஒரு பெண் இஸ்திரி போடுவதில் தொடங்கும் படம். முடிவில் அதே பெண் வீட்டுச் சாவியை ஆற்றில் எறிந்துவிட்டுச் சிரிப்பாள். ஏன் சிரித்தாள் என்று அண்ணி பல வருஷம் மண்டையைக் குடைந்துகொண்டிருக்கிறாள். டிவிடியைச் செருகினாள். கணவரின் நாற்காலியில் உட்கார்ந்தாள். உயரமான நாற்காலி, கால் எட்டவில்லை. வக்கீலின் அட்டைப்பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் காலை நீட்டினாள்.

படம் ஓடியது. சப்டைட்டில் முணுமுணுத்தார். பாதியில், வழக்கமான நேரத்தில், வக்கீல் நெளிய ஆரம்பித்தார். தொண்டையைச் செருமினார், அடுப்படிப் பக்கம் பார்த்தார், அண்ணியைப் பார்த்தார்.

"அண்ணி... டீ..."

"தூள் மேல் தட்டுல இருக்கு. பால் பிரிட்ஜுல."

"கொஞ்சம் நிறுத்தி வச்சா..."

"சட்டம் தெரியாத வக்கீலா நீங்க?"

வக்கீல் எழுந்து போனார். உள்ளே ஏதோ உருண்டு விழும் சத்தம் கேட்டது.

திரையில் அந்தப் பெண் ஒரு ஜன்னலோரம் உட்கார்ந்தாள். அவ்வளவுதான். யாரும் அவளைக் கூப்பிடவில்லை. வெயில் அவள் மடியில் நகர்ந்தது. படம் முடிந்த பிறகு ஆண்கள் 'நடுவுல ஒரே இழுவை' என்று வருஷக்கணக்காகத் திட்டியது இந்தக் காட்சியைத்தான். அண்ணி வழிந்த கண்ணைத் துடைக்கக்கூட இல்லை. துடைக்கிற நேரத்தில் ஏதாவது தப்பிப் போய்விட்டால்?

வக்கீல் தட்டோடு திரும்பியபோது அந்தப் பெண் ஆற்றங்கரையில் நடந்துகொண்டிருந்தாள். அவர் வாயைப் பிளந்தார்.

"இவ எப்ப வெளியில வந்தா? நடுவுல என்ன ஆச்சு அண்ணி?"

அண்ணி திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் ஒரு டம்ளரை எடுத்துக்கொண்டாள்.

"சொன்னா சுவை போயிடும்," என்றாள். "அடுத்த வாரம் சர்க்கரை கொஞ்சம் தூக்கலா போடுங்க."