நெப்தாலிக்குப் போட்ட மதிப்பெண்

அந்த வருடம் ஜூன் ஒன்பதாம் தேதி முதல் ஜூலை இருபத்தெட்டாம் தேதி வரை ஹார்லோ நகரில் யாரும் சாகவில்லை. பன்றிக்கறி ராத்தல் ஒரு டாலர் எழுபது சென்ட் விற்றது, சோளம் இடுப்பளவு வளர்ந்திருந்தது, மிசிசிப்பியில் தண்ணீர் வழக்கமான அளவில் ஓடியது. பதினோராயிரம் பேர் இருக்கிற ஊரில் வாரத்துக்கு இரண்டு பேராவது போய்ச் சேருவது வாடிக்கை. முதல் வாரம் யாரும் கவனிக்கவில்லை. இரண்டாம் வாரக் கடைசியில் சவப்பெட்டிக் கடைக்காரர் ஆர்வில் ஸ்ட்ரவுட் தன் கறுப்பு வண்டியை மூன்றாம் தடவையாகக் கழுவித் துடைத்து நிறுத்திவிட்டு முடிவெட்டும் கடைக்கு வந்து உட்கார்ந்தார். "என்னய்யா இது, ஊருக்கே ஆயுசு கெட்டியாயிடுச்சா?" என்று அவர் கேட்ட பிறகுதான் நாங்கள் விரல் விட்டு எண்ணிப் பார்த்தோம். கடைசியாகச் செத்தவர் தபால்காரர் லூதர், ஜூன் எட்டு. மறுநாள்தான் எங்கள் ஊர் பேஸ்பால் குழுவில் நெப்தாலி குவேவாஸ் அடிக்கத் தொடங்கினான்.

எங்கள் குழுவின் பெயர் ஹார்லோ கெளுத்திகள். பெரிய லீக் என்பது ஏணியின் உச்சி என்றால் கெளுத்திகள் கீழிருந்து இரண்டாம் படி. அங்கே வருகிற பையன்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் பஸ்ஸில் அலைந்து, ஆறிப்போன ஹாட் டாக் தின்று, முட்டி தேய்ந்து ஊர் திரும்புவார்கள். நெப்தாலி டொமினிக்கன் குடியரசுக்காரன். வயது இருபத்தைந்து, அந்தப் படிக்கு அது கிழவயது. மே மாதம் முழுக்கப் பத்துப் பந்துக்கு இரண்டை உருப்படியாக அடிப்பதே அவனுக்குப் பெரும்பாடாக இருந்தது. சீசன் முடிந்ததும் துரத்திவிடுவார்கள் என்று அவனுக்கே தெரியும். அப்படிப்பட்டவன் ஜூன் ஒன்பதிலிருந்து ஒரு ஆட்டம் விடாமல் அடித்தான். சில பந்து மதில் தாண்டிப் போய் விழுந்தது. சில பந்து மட்டையில் பட்டும் படாமலும் உருண்டு, இரண்டு தடியன்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நிற்கையில் நடுவே புகுந்து போனது. தினமும் குறைந்தது ஒன்று. விடாமல் அடிக்கிறவனைச் சுற்றி எதையும் மாற்றக் கூடாது என்பது பேஸ்பால்காரர்களின் சட்டம். ஆகவே அவன் முதல் நாள் போட்டிருந்த உள்சட்டையைத் துவைக்கவே இல்லை. ஜூலை பிறந்தபோது அது யாரும் பிடிக்காமலே நாற்காலியில் நேராக உட்கார்ந்திருந்தது.

அவன் அடிப்பதற்கும் ஊரில் சாவு நின்றதற்கும் முடிச்சுப் போட்டவர் ஆர்விலேதான். குழு வெளியூரில் ஆடிய நாளிலும் இங்கே யாரும் சாகவில்லை, அந்த ஊர்களில் மட்டும் ஆட்கள் ஒழுங்காகச் செத்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் ஊர் லாரிக்காரன் ஒருவன் நெப்ராஸ்காவில் வண்டியோடு மூன்று சுற்று உருண்டு, கழுத்து திரும்பிப்போய், காப்பி கேட்டானாம். ஆக, நெப்தாலியின் ஆட்டச் சட்டை மார்பில் எந்த ஊரின் பெயர் எழுதியிருக்கிறதோ அந்த ஊர்க்காரனுக்குச் சாவு இல்லை. ஊர்ப் பன்றிக்கறித் தொழிற்சாலையில் பன்றிகள் வழக்கம்போலச் செத்தன. இதைக் கேட்டு முதலில் தேவாலய மணியை அடித்துக் கொண்டாடினோம், வெட்கமில்லாமல் சொல்கிறேன். சாவு நின்றதே தவிர நோவு நிற்கவில்லை என்பது அப்போது எங்களுக்கு உறைக்கவில்லை. ஜூலை நான்காம் தேதி ஆற்றில் மூழ்கிய ஹெய்டன் வீட்டுக் குழந்தையை முக்கால் மணி நேரம் கழித்து எடுத்தார்கள். அது சாகவில்லை. கண்ணைத் திறந்து படுத்திருந்தது, கூப்பிட்டால் திரும்பவில்லை.

நெப்தாலி தங்கியிருந்தது எம்மெட் ஹாஸ்கின்ஸ் வீட்டு மாடியறையில். வெளியூர்ப் பையன்களை ஊர்க் குடும்பங்கள் வீட்டில் வைத்துச் சோறு போடுவது இங்கே பழக்கம். எம்மெட்டுக்கு உத்தியோகமே ஆட்டக்காரர்களை எடைபோடுவதுதான். பெரிய குழுவின் தலைமை அலுவலகத்துக்காக முப்பத்தொரு வருடமாக மூன்று மாநிலத்து மைதானங்களில் தகர நாற்காலி போட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு பையனுக்கும் இருபதிலிருந்து எண்பதுக்குள் ஒரு எண் போட்டு அனுப்புவார். ஏன் இருபதில் தொடங்குகிறது என்று கேட்டால் அவருக்கும் தெரியாது. ஐம்பது போட்டால் பெரிய லீக்கில் பிழைத்துக்கொள்வான். அறுபது போட்டால் மறுவாரமே மேலே கூப்பிடுவார்கள். நாற்பது என்றால் ஆள் வேண்டாம். அவர் மனைவி வெர்னாவுக்கு எலும்பில் புற்று. இரண்டு வாரம் தாங்கும், வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள் என்று மே கடைசியில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். முன்னறையில் கட்டில் போட்டுப் படுத்திருந்தாள். நெப்தாலி அவளை அம்மா என்றுதான் கூப்பிடுவான். படுக்கையில் விழும்முன் அவள் வைத்த சோறு வாயில் வைக்க விளங்காது, அதையும் தட்டை வழித்துத் தின்றவன் அவன். சட்டை உட்கார்ந்திருந்த நாற்காலி அவள் கட்டிலுக்குப் பக்கத்தில்தான் இருந்தது. முதல் நாள் அவன் அதை அங்கேதான் கழற்றிப் போட்டான், அதனால் அதையும் மாற்றவில்லை.

அலுவலகத்தில் கணினி பார்க்கிற கர்க் என்ற இளைஞன் வாரா வாரம் எம்மெட்டைப் போனில் கூப்பிட்டான். அவன் கட்சி: இது வெறும் அதிர்ஷ்டம், ஆயிரம் பேர் நாணயம் சுண்டினால் ஒருத்தனுக்குப் பத்து தடவை தலை விழத்தான் செய்யும், தலைக்கு மார்க் போட முடியுமா. முடிவெட்டும் கடையிலும் இதே சண்டை. நெப்தாலியின் கைவேலை என்றது ஒரு பக்கம், ஆண்டவன் வேலை என்றது இன்னொரு பக்கம். வீட்டில் சாகக் கிடக்கிறவர்களை வைத்திருந்தவர்கள் மட்டும் அவன் ஒன்றுக்கும் உதவாதவன் என்று சத்தமாகச் சொன்னார்கள், எம்மெட் காதில் விழுகிற மாதிரி, அவன் மேலே போய்விடக் கூடாதே என்று. எம்மெட்டுக்குத் தெரியும், அவன் அறுபது. முப்பத்தொரு வருடத்தில் அப்படிப்பட்ட மணிக்கட்டை இரண்டு தடவைதான் பார்த்திருக்கிறார். ஆனால் கர்க் கேட்கும்போதெல்லாம் "நாப்பது" என்றார், நாற்பது என்றே எழுதி அனுப்பினார். ஏழு வாரம். நான் அந்த மனிதரைக் குறை சொல்லப்போவதில்லை. உங்கள் வீட்டில் கட்டில் போட்டிருந்தால் நீங்களும் அதைத்தான் எழுதியிருப்பீர்கள்.

அவர் எழுதும் அறிக்கையின் மஞ்சள் நகலைச் செருப்புப் பெட்டியில் அடுக்கி வைப்பது கல்யாணமான நாளிலிருந்து வெர்னாவின் வேலை. அந்த ஏழு வாரமும் ஒரு நகல்கூட அவள் கைக்கு வரவில்லை. ஜூலை இருபத்தாறாம் தேதி காலை, உடம்பு துடைக்கச் சோப்புத் தண்ணீர் வட்டிலைக் கொண்டுவந்து வைத்த எம்மெட்டிடம் மஞ்சள் தாளைக் கேட்டாள். அப்போது அவள் ஒரு பள்ளிக்கூடப் பிள்ளையின் எடைதான் இருந்தாள். மருந்து வேலை செய்வதை நிறுத்தி ஒரு மாதமாகியிருந்தது. வலி வரும்போது அவள் கட்டில் சட்டத்தைப் பிடித்த இடத்தில் மரம் குழிந்திருந்தது. எம்மெட் கொண்டுவந்து கொடுத்தார். அவள் படித்தாள்.

"யோவ் எம்மெட். மணிக்கட்டப் பாத்தியா, மணிக்கட்டப் பாத்தியான்னு சாப்பாட்டு மேசையில என் உசுர எடுத்தது நீதானே? பேனாவத் தொட்டதும் கண்ணு அவிஞ்சு போச்சா?"

"அவன் மேல போனா நீ போயிடுவே."

"நான் எப்பவோ போயிருக்க வேண்டியவ. நாப்பது போட்டா அவன் எங்கய்யா போவான்? கரும்பு வெட்டவா?"

"நீ இல்லாம இந்த வீட்டுல நான் என்ன செய்றது?" என்றார் எம்மெட். அவர் அழுததை அன்றுதான் அவள் பார்த்தாள்.

"ஒரு நாளாவது என்னைக் கேட்டியா நீ? இருக்கியா வெர்னா, போறியா வெர்னான்னு ஒரு வார்த்தை? இந்த வலியோட நீ ஒரு நாள் படு, அப்புறம் பேசு."

சொல்லிக்கொண்டே கையை நீட்டி நாற்காலியிலிருந்து அந்தச் சட்டையை எடுத்தாள். சாம்பல் நிறத்தில், அட்டைபோல விறைத்துக் கிடந்தது. அதைச் சோப்புத் தண்ணீருக்கு மேலே பிடித்தாள்.

"இப்பவே போன் பண்ணு. இல்லேன்னா முக்கிடுவேன். ரெண்டுல எது நடந்தாலும் நான் போறேன். அவன் ஏறுறதா இறங்குறதான்னு மட்டும் நீ சொல்லு."

எம்மெட் சமையலறைக்குப் போய்ப் போனை எடுத்தார். "அறுபது" என்றார். மறுமுனையில் கர்க் சிரித்தான். "சார், போன வாரம் நாப்பது. ஒரே வாரத்துல இருபது ஏற அவன் என்ன பங்குச்சந்தையா?" போன வாரம் பொய் சொன்னேன் என்றார் எம்மெட். எதுக்கு என்று கேட்டான். "என் பொண்டாட்டி சாகக்கூடாதுன்னு." கர்க்கின் கணினியில் எல்லாவற்றுக்கும் ஒரு கட்டம் உண்டு, இதற்கு இல்லை. "சரி, நாணயம் சுண்டுற கதைக்கு என்ன பதில்?" என்று கேட்டான், குரல் இறங்கிவிட்டது. எம்மெட் கால் மணி நேரம் பேசினார். நாற்பத்தைந்து ஆட்டத்தில் பத்து அடி அதிர்ஷ்டம், அதை ஒத்துக்கொள்கிறேன். மீதி முழுக்க அவன் கை. மெதுவான பந்துக்கு முன்பெல்லாம் அவசரப்பட்டு மட்டையை வீசுவான், இப்போது காத்திருக்கிறான். அதிர்ஷ்டத்துக்குக் காத்திருக்கத் தெரியாது தம்பி. முன்னறையில் வெர்னா இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள், சட்டையைத் தண்ணீருக்கு மேலே பிடித்தபடியே. போனை வைத்த சத்தம் கேட்ட பிறகுதான் நாற்காலியில் திரும்ப உட்காரவைத்தாள்.

இரண்டு நாளில் உத்தரவு வந்தது. நானூறு மைல் தள்ளி, போர்ட் ஆன்செல் குழு, ஏணியில் மூன்று படி மேலே. நெப்தாலி அவள் கட்டிலருகே மண்டி போட்டு, "நான் போகல அம்மா" என்றான். "போடா கழுதை, அங்கயாவது உப்புப் போட்ட சோறு தின்னு" என்றாள். இருபத்தெட்டாம் தேதி கடைசியாக எங்கள் ஊருக்காக ஆடினான், ஒரு அடி அடித்தான், மறுநாள் விடியலில் பஸ் ஏறினான். பஸ் நிலையத்துக்குப் பாதி ஊர் வந்திருந்தது. யாரும் வண்டியை மறிக்கவில்லை. ஹெய்டன் வீட்டுத் தாய் மட்டும் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு சன்னலுக்குக் கீழே நின்றாள். அவன் கண்ணாடியில் முகத்தை வைத்து அழுதான். சட்டை ஒரு காகிதப் பையில் மடியில் இருந்தது.

அன்று மதியம் இரண்டு பதினைந்துக்கு அவன் புது ஊரின் பெயர் எழுதிய சட்டையை மாட்டினான். இரண்டு பதினாறிலிருந்து ஹார்லோவில் ஆரம்பித்தது. பதினாறு பேர். மூன்று மணிக்குள் முடிந்துவிட்டது. ஆர்விலிடம் ஏழு பெட்டிதான் இருந்தன, மீதியைப் பக்கத்து ஊரிலிருந்து லாரியில் வரவழைத்தார். ஹெய்டன் குழந்தைக்கு அவர் விலை வாங்கவில்லை. நெப்ராஸ்காவில் லாரிக்காரன் காப்பிக் கோப்பையோடு சாய்ந்தான். வெர்னா இரண்டு பதினேழுக்குப் போனாள். எம்மெட் அவள் கையைப் பிடித்திருந்தார், வலிக்கிறதா என்று கேட்டார், இல்லை என்று தலையசைத்தாளாம். அதற்குப் பிறகு அவர் மைதானத்துக்குப் போகவில்லை. சமையலறையில் ரேடியோவை வைத்து போர்ட் ஆன்செல் ஆட்டங்களை மட்டும் கேட்டார். அங்கேயும் நெப்தாலி விடாமல் அடித்தான். அங்கேயும் சாவு நின்றது.

ஆகஸ்டு இருபதாம் தேதி மாலை ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போது போன் மணி அடித்தது. போர்ட் ஆன்செலிலிருந்து பேசுவதாக ஒரு ஆள் சொன்னான். பெயர் சொல்லத் தயங்கினான். நெப்தாலியைப் பெரிய லீக்குக்குக் கூப்பிடுவதா வேண்டாமா என்று பேசிக்கொள்கிறார்களாம், எடைபோட்டவர் நீங்கள்தானாமே, உங்கள் வார்த்தைக்கு மதிப்பாமே. "நாப்பதுன்னு மட்டும் சொல்லிடுங்க சார். காலத் தொட்டுக் கேக்கறேன். என் வீட்டுக்காரி..." அதற்கு மேல் அவனுக்கு வரவில்லை.

"வலி இருக்கா?" என்றார் எம்மெட்.

"இருக்கு சார்."

"அவங்களக் கேட்டியா?"

"என்னன்னு?"

இரண்டு பக்கமும் ரேடியோவில் ஒரே ஆட்டம் ஓடிக்கொண்டிருந்தது. நெப்தாலி மட்டையோடு வந்து நின்றான். இரண்டு பந்தை விட்டான். மூன்றாவது மெதுவாக வந்தது, காத்திருந்தான், இடது பக்கம் அடித்தான். நானூறு மைல் தள்ளி இருந்த மனிதன் பெருமூச்சு விட்டது போனில் தெளிவாகக் கேட்டது.

"இன்னிக்கு அடிச்சிட்டான், நாளைக்கு ஆட்டம் வரைக்கும் ஒண்ணும் ஆகாது" என்றார் எம்மெட். "போனை வச்சிட்டுப் போய் அவங்க பக்கத்துல உக்காந்து, இருக்கியா போறியான்னு கேளு. அவங்க என்ன சொல்றாங்களோ, எனக்குச் சொல்லு. அதையே எழுதறேன்."

போர்ட் ஆன்செலில் அன்றும் யாரும் சாகவில்லை.